தலைமைப் பயிற்சி: அரசு அலுவலர்களும் சமூகத் தலைவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

‘தலைமைத் திறன் மேம்பாட்டுப் பயிற்சிக்கு உங்கள் பெயரை அனுப்பியிருக்கிறோம்’ என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தவர்களும், உங்கள் சங்கத்திலிருந்து ஒருவரை அனுப்புங்கள் என்று அழைப்பு வந்தவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பயிற்சி நடத்துகிறவர்கள் பக்கம் நின்று பார்த்ததை வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன். என் சாய்வு என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. யாரை அனுப்புகிறார்கள், திரும்பி வந்தவரை என்ன செய்யவிடுகிறார்கள் என்ற இரண்டில்தான் இந்தப் பயிற்சியின் தலையெழுத்து இருக்கிறது. வகுப்பறை அதற்கு அடுத்ததுதான்.

இந்தப் பயிற்சி யாருக்கானது?

அரசுத் துறை, உள்ளாட்சி, அரசு மருத்துவமனை, பள்ளி, பொதுத்துறை நிறுவனம் என எங்காவது நாலு பேரை வைத்து வேலை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு பக்கம். குடியிருப்போர் சங்கம், சுய உதவிக் குழு, கூட்டுறவுச் சங்கம், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு, இளைஞர் மன்றம் என்று சம்பளம் இல்லாமலோ சொற்பச் சம்பளத்திலோ மக்களைத் திரட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இயக்குநர், செயலாளர் மட்டத்துக்குத்தான் இதெல்லாம் என்று ஒரு நினைப்பு உண்டு. பொதுமக்கள் அரசைச் சந்திப்பது ஒரு பிரிவுக் கண்காணிப்பாளரின் மேசையில். கொள்கை மேலே எப்படி எழுதப்பட்டாலும் அது நடப்பதும் நடக்காமல் போவதும் அங்கேதான். பயிற்சியில் இரண்டு இடங்கள்தான் இருக்கின்றன என்றால் என் ஓட்டு நடுமட்டத்துக்கு.

மேலாண்மைப் பயிற்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிதி விதிகள், கொள்முதல் நடைமுறை, கோப்பு எழுதுவது, திட்ட அறிக்கை தயாரிப்பது எல்லாம் மேலாண்மை. விடை ஏற்கெனவே எங்கோ இருக்கிறது, அதைக் கற்றுக்கொண்டால் போதும். தலைமை தேவைப்படுவது விடை யார் கையிலும் இல்லாத இடத்தில். ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் நெடுங்காலம் இதைக் கற்பித்த ரொனால்ட் ஹைஃபெட்ஸ், சிக்கல்களை இரண்டாகப் பிரிப்பார். விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் ஒரு வகை. சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பழக்கத்தையோ வசதியையோ கொஞ்சமாவது விட்டுக்கொடுத்தால்தான் தீரும் சிக்கல் இன்னொரு வகை.

ஒரு அரசு மருத்துவமனையில் புறநோயாளிகள் விடியற்காலையிலிருந்து காத்துக் கிடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டோக்கன் இயந்திரம் வாங்கலாம், டெண்டர் விட்டால் வந்துவிடும். ஆனால் மருத்துவர் பத்து மணிக்குத்தான் வருகிறார், மருந்தாளுநர் அவர் வந்த பிறகுதான் ஜன்னலைத் திறக்கிறார் என்றால், இயந்திரம் வந்த பிறகும் அதே கூட்டம்தான் நிற்கும், கையில் எண் அச்சிட்ட சீட்டோடு. முதல் வகைக்கான மருந்தை இரண்டாம் வகைக்குக் கொடுத்துவிட்டு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறிப்பு எழுதுவது அலுவலகங்களில் சர்வசாதாரணம். இது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்குவதுதான் இந்தப் பயிற்சியின் முதல் வேலை. மருத்துவரை ஒன்பது மணிக்கு வரவைப்பது எப்படி என்பதற்கு எந்தப் பயிற்சியாளரிடமும் சூத்திரம் கிடையாது. அந்தப் பேச்சை யாரிடம் தொடங்குவது, எதைக் கேட்பது, அவர் எதை இழப்பதாக நினைக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பழகலாம்.

தலைமை பிறவியிலேயே வருவதுதானே?

கொஞ்சம் வரும். 2006இல் இரட்டையர்களை வைத்து வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒருவர் தலைமைப் பொறுப்புகளுக்கு வருவதில் உள்ள வேறுபாட்டில் சுமார் 30 சதவீதத்தை மரபணுவோடு தொடர்புபடுத்தியது. மீதி வளர்ப்பு, வாய்ப்பு, அனுபவம். அந்த மீதியே தாராளமாகப் போதும்.

அதிகாரிகளையும் சமூகத் தலைவர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கலாமா? இருவர் நிலைமையும் வேறு இல்லையா?

வேறுதான். அதனாலேயே உட்கார வைக்க வேண்டும் என்பேன்.

ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏன் கேட்கிறார் என்பதற்கு ஐந்து காரணங்களை 1959இல் ஃப்ரெஞ்ச், ராவன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வகுத்தார்கள். பதவி, கொடுக்கக்கூடிய பலன், தரக்கூடிய தண்டனை, விஷய ஞானம், அவர்மீதுள்ள மதிப்பு. அதிகாரிக்கு முதல் மூன்றும் நியமன ஆணையோடு சேர்ந்தே வருகின்றன. சங்கத் தலைவருக்கு அவை கிடையாது, கடைசி இரண்டை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார். கூட்டத்துக்கு வராதவருக்கு அவரால் மெமோ கொடுக்க முடியாது. வீட்டு வாசலில் போய் நின்று ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கத்தான் முடியும். ஆணை போடாமல் ஆளைத் திரட்டும் அந்த வித்தையை அதிகாரி வேறெங்கும் கற்க முடியாது. அதேபோல, ஒரு கோரிக்கை மனு எந்த மேசையில் தேங்குகிறது, எந்தத் தலைப்பில் எழுதினால் நிதிப்பிரிவு திருப்பி அனுப்பாது என்பதைச் சங்கத் தலைவருக்குச் சொல்லித்தர அதிகாரியைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், முதல் நாள் காலையில். அதிகாரிகள் முன்வரிசையில் உட்காருவார்கள், மற்றவர்கள் பின்னால் போய்விடுவார்கள். பின்வரிசை ‘ஐயா சொல்றது சரிதான்’ என்று தலையாட்டும், முன்வரிசை பேசிக்கொண்டே இருக்கும். இதைச் சமாளிக்கத் தெரியாத பயிற்சியாளரிடம் கலப்பு வகுப்பைக் கொடுக்காமல் இருப்பதே மேல். முதல் அமர்வுகளை இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக நடத்திவிட்டு, அப்புறம் சேர்ப்பது ஒரு வழி.

சேர்த்த பிறகு செய்யக்கூடிய ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களை ஏமாற்றி ஒப்புதல் வாங்குவது, மூன்றாவது படியில் வெறுமனே தகவல் சொல்வது, நான்காவதில் கருத்துக் கேட்பது, ஆறாவதில் கூட்டாக முடிவெடுப்பது, உச்சியில் மக்களே நடத்துவது. சமீபத்தில் இரு தரப்பும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, அது எந்தப் படி என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அதிகாரிகளின் சீட்டில் ஐந்தும் ஆறும் இருக்கும், மற்றவர்கள் சீட்டில் இரண்டும் மூன்றும். ஏன் இந்த இடைவெளி என்று பேச ஆரம்பித்தால் அன்றைய மதியம் போய்விடும், போகட்டும்.

தனியார் நிறுவன மேலாளர்களுக்கான பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாமே?

பாதி பயன்படும். குழுவை நடத்துவது, கடினமான பேச்சைப் பேசுவது, நேரத்தைக் காப்பது எங்கும் ஒன்றுதான். மீதிப் பாதி இடிக்கும். லாபம் தராத வாடிக்கையாளரைத் தனியார் நிறுவனம் விட்டுவிடலாம். ரேஷன் கடையோ ஆரம்பப் பள்ளியோ அப்படி யாரையும் விட முடியாது. ஒரு நல்ல யோசனைக்குத் தணிக்கைக் குறிப்பு வரலாம், தேர்தல் வரலாம், நிதியாண்டு முடிந்து பணம் காலாவதியாகலாம்.

பொது நிர்வாகத்துக்கென்றே ஹார்வர்டு பேராசிரியர் மார்க் மூர் 1995இல் ஒரு முக்கோணத்தை முன்வைத்தார். செய்ய நினைப்பது மக்களுக்குப் பயனுள்ளதா, அதற்கு ஒப்புதலும் ஆதரவும் தர வேண்டியவர்கள் தருவார்களா, செய்துமுடிக்க ஆளும் பணமும் திறனும் இருக்கின்றனவா? மூன்று முனையும் சேர்ந்தால்தான் வேலை நகரும். அதிகாரிகளிடம் இதைக் காட்டினால், நின்றுபோன தங்கள் திட்டம் எந்த முனையில் உடைந்தது என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டாவது முனை.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கும்?

நல்ல இடமாக இருந்தால் விரிவுரை குறைவாகவும் உங்கள் சொந்த வேலை அதிகமாகவும் இருக்கும். வரும்போதே ஒரு நிஜச் சிக்கலோடு வரச் சொல்வார்கள். ‘ஊழலை ஒழிப்பது’ மாதிரிப் பெரிய தலைப்பு வேண்டாம். ‘எங்கள் பிரிவில் ஓய்வூதியக் கோப்புகள் ஏன் மாதக்கணக்கில் நிற்கின்றன’ போல உங்கள் கைக்கு எட்டுகிற ஒன்று.

இந்த முறைக்கு மூலவர் ரெக் ரெவன்ஸ். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தவர், 1940களில் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் கல்விப் பொறுப்புக்கு வந்தார். சுரங்க மேலாளர்களுக்கு வெளியிலிருந்து பேராசிரியர்களைக் கூட்டிவந்து பாடம் நடத்துவதைவிட, மேலாளர்களையே சிறுகுழுவாக உட்காரவைத்து ஒருவர் சிக்கலை மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கிளற விடுவது பலன் தரும் என்று கண்டார். கற்றல் என்பது ஏற்கெனவே வகுத்துவைத்த அறிவும், தெரியாததைப் பற்றிக் கேட்கும் கேள்வியும் சேர்ந்தது என்பது அவர் வாதம். இதில் கடினமான விதி ஒன்று உண்டு: யாரும் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும். மூத்த அதிகாரிகள் இதற்குப் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ‘நீங்கள் ஏன் ஒரு சுற்றறிக்கை அனுப்பக் கூடாது?’ என்று கேள்விக்குறி போட்டு அறிவுரையை உள்ளே தள்ளப் பார்ப்பார்கள்.

அடுத்தது, மற்றவர்கள் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்பதைக் கேட்பது. இதற்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இனப் பாகுபாட்டைக் குறைக்கப் பாடுபடும் சமூகத் தலைவர்களுக்காகக் கர்ட் லெவின் என்ற உளவியலாளர் ஒரு பயிலரங்கு நடத்தினார். மாலையில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, அன்று யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பங்கேற்பாளர்கள் சிலர் நாங்களும் உட்காரலாமா என்று கேட்க, லெவின் சம்மதித்தார். தன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு ஒரு பெண்மணி, அப்படி நடக்கவே இல்லை என்று மறுத்தார். அந்தச் சூடான விவாதத்தில்தான், பகல் வகுப்பைவிட மாலைப் பேச்சில் கற்பது அதிகம் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு மெயின் மாநிலத்தின் பெத்தல் ஊரில் அதையே முறையான பயிற்சியாகத் தொடங்கினார்கள். லெவின் அதைப் பார்க்க இல்லை, சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். தலைமைப் பயிற்சியின் முக்கியமான கருவி ஒன்று சமூகத் தலைவர்களின் வகுப்பில், அவர்களே கேட்டு வாங்கியதால் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்று அது ‘360 டிகிரி’ படிவமாக வருகிறது. மேலதிகாரி, சக ஊழியர், கீழே பணிபுரிவோர் எல்லோரும் பெயர் போடாமல் நிரப்புவார்கள். அரசு அலுவலகத்தில் இதை வைத்து ஒருவரின் பணிப்பதிவேட்டில் கை வைக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுக்காவிட்டால், எல்லோரும் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ போட்டுவிடுவார்கள்.

70-20-10 என்று சொல்கிறார்களே, அது என்ன?

கற்பதில் 70 சதவீதம் வேலையிலிருந்து, 20 பிறரிடமிருந்து, 10 மட்டுமே வகுப்பிலிருந்து என்ற கணக்கு. 1980களில் அமெரிக்காவில் மேலாளர்களிடம் நீங்கள் எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டுத் தொகுத்ததிலிருந்து வந்தது. அளந்து பார்த்துக் கண்ட விதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், எண்கள் முழுப் பத்துகளாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம். வேலையே பெரிய ஆசான் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் பயிற்சி? ஆன்லைனில் முடித்துவிடலாமா?

தொடர்ந்து ஐந்து நாளைவிட, இரண்டு இரண்டு நாளாக இடைவெளி விட்டு மூன்று முறை கூடுவது நல்லது. மறதியை முதன்முதலில் அளந்த ஜெர்மானியர் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட முடிவுகள் இன்னும் நிற்கின்றன: மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் நழுவிவிடும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் தங்கும். அவர் வைத்துச் சோதித்தது பொருளற்ற அசைகளை என்பது உண்மைதான். சில பவர்பாயிண்ட் வகுப்புகளைப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. இடைவெளியின் இன்னொரு லாபம், நடுவில் ஊருக்குப் போய் எதையாவது செய்துபார்த்து, சொதப்பிவிட்டு, கேள்வியோடு திரும்பலாம்.

விதிகள், சட்டம், வாசிப்பு எல்லாவற்றையும் ஆன்லைனில் கொடுக்கலாம். மனஸ்தாபத்தைப் பேசித் தீர்க்கும் பயிற்சியை மட்டும் கேமராவை அணைத்துவைத்துவிட்டுச் செய்ய முடியாது.

நான் அதிகம் படிக்கவில்லை, பதவியும் இல்லை. எனக்கு இடம் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். இந்தத் துறையின் மிகச் சிறந்த உதாரணங்களில் ஒன்றே உங்களைப் போன்றவர்களை வைத்து நடந்ததுதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1932இல் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்டும் ஹைலாண்டர் என்ற மக்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். தொழிலாளர்களும் பின்னர் கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடியவர்களும் அங்கே கூடித் தங்கள் ஊர்ச் சிக்கலைப் பேசினார்கள். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே அன்று அங்கே சட்டச் சிக்கல். ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1955 கோடையில் அங்கே பயிலரங்கில் இருந்தார், அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார்.

அந்தப் பள்ளியின் துணையோடு தெற்கு கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் பெரியவர்களுக்கான ஒரு வகுப்பு தொடங்கியது. வாக்காளராகப் பதிய வேண்டுமானால் எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும் என்று விதி வைத்துக் கறுப்பின மக்களை ஒதுக்கியிருந்தார்கள். வகுப்பை ஏற்பாடு செய்த செப்டிமா கிளார்க் நல்ல அனுபவமுள்ள ஆசிரியை. ஆனால் பாடம் நடத்த அவர் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சனை, அழகுநிலையம் நடத்தியவர். பள்ளி ஆசிரியர் என்றால் பெரியவர்களைக் குழந்தை மாதிரி நடத்திவிடுவார், இவர் வந்தவர்களைச் சமமாக நடத்துவார் என்பது கணக்கு. ராபின்சன் முதல் நாளே, உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், அஞ்சலில் பொருள் வாங்கும் படிவம் நிரப்ப வேண்டும், பைபிள் படிக்க வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் அதுவே. பல மாநிலங்களுக்குப் பரவிய அந்த வகுப்புகளிலிருந்து எத்தனையோ உள்ளூர்த் தலைவர்கள் எழுந்தார்கள். பயந்துபோன டென்னசி அரசு 1961இல் ஹைலாண்டரின் உரிமத்தைப் பறித்து மூடியது, அவர்கள் வேறு பெயரில் தொடர்ந்தார்கள்.

ஆக, படிப்பு குறைவு என்று உங்களை ஒரு பயிற்சி நிலையம் திருப்பி அனுப்பினால், குறை நிலையத்தின் பாடத்திட்டத்தில்.

அப்படியானால் யாரைத் தேர்ந்தெடுப்பது?

அலுவலகங்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் வேலை குறைவாக உள்ளவர், ஓய்வுக்கு ஆறு மாதம் உள்ளவர், எங்கேயும் போகாதவர் என்று ஒருவரை அனுப்புவார்கள். சங்கங்களில் எப்போதும் அதே தலைவர்தான் போவார். இரண்டையும் தவிர்க்க எளிய கேள்வி: அவர் இல்லாதபோது எந்த வேலை நின்றுபோகிறது? மற்றவர்கள் சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்கிறார்கள்? பெரும்பாலும் அது பதவியில் இல்லாத ஒருவராக இருக்கும்.

ஒரே மாதிரி ஆட்களையே தேர்ந்தெடுத்தால் என்னாகும் என்பதற்குப் பிரான்ஸைப் பார்க்கலாம். 1945இல் தொடங்கிய அந்நாட்டின் தேசிய நிர்வாகப் பள்ளி குடியரசுத் தலைவர்களையே உருவாக்கிய இடம். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கூடாரமாகிவிட்டது என்ற புகார் வளர்ந்து, கடைசியில் அங்கேயே படித்த குடியரசுத் தலைவர் மக்ரோன் அதை மூட முடிவெடுத்தார். 2022இல் அதன் இடத்துக்கு வேறொரு நிறுவனம் வந்தது.

ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டு பேர் போனால் திரும்பி வந்து பேசிக்கொள்ளவாவது ஆள் இருக்கும்.

பெண்களுக்குத் தனி வகுப்பு தேவையா?

தொடக்கத்தில் உதவும், அதிலேயே நிறுத்தினால் ஓரங்கட்டியதாகிவிடும். இந்தியாவில் 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அதன் விளைவை மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வில், பெண் தலைவர்கள் உள்ள ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டது தெரிந்தது. அவர்கள் வந்தால் முன்னுரிமையே மாறுகிறது. ‘தைரியமாகப் பேசுவது எப்படி’ என்று மட்டும் அவர்களுக்குப் பாடம் நடத்துவதில் எனக்கு ஈடுபாடில்லை. கூட்டத்தில் அவர் பேசும்போது குறுக்கிடும் ஆண்களுக்கும், அவருக்குப் பதிலாகக் கையெழுத்து விவகாரங்களைப் பார்க்கும் கணவருக்கும் ஒரு வகுப்பு வைத்தால் தேவலை. அப்புறம் நடைமுறை: தங்கிப் படிக்கும் பயிற்சி என்றால் குழந்தையோடு வர ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலதிகாரி மாறாமல் நான் மட்டும் மாறி என்ன பயன்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கான விடை 1950களிலேயே கிடைத்துவிட்டது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு மனித உறவுப் பயிற்சி கொடுத்தது. உளவியலாளர் எட்வின் ஃப்ளீஷ்மன் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். வகுப்பு முடிந்த கையோடு கேட்டபோது, தொழிலாளர்களை அக்கறையோடு நடத்த வேண்டும் என்ற எண்ணம் கூடியிருந்தது. தொழிற்சாலைக்குத் திரும்பிய பிறகு அது நிலைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் மேலாளர் எப்படி நடந்துகொள்கிறாரோ அப்படியே நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பயிற்சி பெற்றது ஒரு பக்கம், தினமும் பார்க்கும் முகம் இன்னொரு பக்கம். முகம்தான் ஜெயித்தது.

அப்படியானால் என்ன செய்வது? போவதற்கு முன்பே மேலதிகாரியிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ‘இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு போகிறேன், திரும்பி வந்து மூன்று மாதம் இதில் சில மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே சம்மதித்தவர் பிறகு முழுதாக மறுப்பது அரிது. வந்த பிறகு அவர் கௌரவத்தைக் காப்பாற்றும் விதமாகத் தொடங்குங்கள். ‘பயிற்சியில் சொன்னார்கள்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எந்த அலுவலகத்திலும் எடுபடுவதில்லை.

உங்கள் அதிகாரத்துக்குள்ளேயே இருப்பதை முதலில் மாற்றுங்கள். வாரக் கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அதைக்கூட ‘திங்கள்கிழமை கூட்டத்தில் முதல் ஆள் என் கருத்தைக் கேட்டால், நான் அடுத்தவரைக் காட்டுவேன்’ என்று நேரமும் சூழலும் குறிப்பிட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முடிவுசெய்துகொண்டவர்கள், பொதுவாக நல்லபடியாக நடந்துகொள்வேன் என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார்.

மேலதிகாரிகளுக்கு நேராக ஒரு வார்த்தை: உங்கள் ஆளை அனுப்பினால், கடைசி நாளின் அரை மணி நேரத்துக்காவது நீங்களும் போய் உட்காருங்கள். அதற்கும் நேரம் இல்லை என்றால் அவரை அனுப்பாமலே இருக்கலாம்.

பயிற்சி முடிந்ததும் என்னை இடமாற்றம் செய்துவிட்டால்?

நடக்கும். எடுத்த சிக்கலை ஒருவரோடு மட்டும் கட்டிவைக்காமல், பிரிவில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் வேலை அங்கேயே தொடரும்.

பயன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் நான்கு மட்டங்கள் சொன்னார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு ஏதும் கிடைத்ததா. பெரும்பாலான இடங்களில் முதல் மட்டத்தோடு சரி. கடைசி நாள் மாலை, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நிரப்பும் படிவத்தில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் மதிப்பெண் விழும்.

மூன்றாவது மட்டத்தை அளக்கப் பெரிய செலவு இல்லை. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து, அவரோடு வேலை செய்யும் நாலைந்து பேரிடம் ‘இவர் இப்போது வேறு மாதிரி என்ன செய்கிறார்? ஒரு சம்பவம் சொல்லுங்கள்’ என்று கேட்டால் போதும். சம்பவம் வரவில்லை என்றால் மாற்றமும் வரவில்லை.

எண்களைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில், நன்றாக வழிநடத்தப்படும் குழுக்கள் மருந்து கொடுப்பதில் குறைவாகத் தவறுவார்கள் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தார். பதிவேட்டில் அவர்களிடம்தான் தவறுகள் அதிகம் இருந்தன. காரணம், அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை. மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். ஆகவே உங்கள் அதிகாரி பயிற்சி முடித்து வந்த பிறகு அவர் பிரிவில் புகார்கள் கூடினால் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.

பயிற்சி கொடுத்து வளர்த்த சமூகத் தலைவர் அரசியலுக்குப் போய்விட்டால் எங்கள் உழைப்பு வீண்தானே?

தன்னார்வ நிறுவனங்கள் இதைக் கேட்கும்போது குரலில் ஒரு கசப்பு தெரியும். எனக்கு அதில் வருத்தமில்லை. உள்ளாட்சியில் ஓர் இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் உட்காருவது மோசமான விளைவா என்ன? உண்மையான ஆபத்து வேறு. ஒரே ஒருவரை மேடைக்கு மேடை அனுப்பி, அவரைத் தன் மக்களைவிட்டே தள்ளிவைத்துவிடுவது. அவர் மொழியே மாறிவிடும், திட்ட அறிக்கையில் வரும் சொற்களில் பேச ஆரம்பிப்பார். அவரோடு எப்போதும் அடுத்த வரிசையில் இருவரைத் தயார்படுத்திக்கொண்டே இருப்பதுதான் இதற்குத் தடுப்பு.

மோசமான பயிற்சியை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். காலை முதல் மாலை வரை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறப்புரை இருந்தால் அது ஏட்டுச் சுரைக்காய். ஆட்களை நான்கு நிறமாகவோ நான்கு எழுத்தாகவோ பிரிக்கும் ஆளுமைச் சோதனையைச் சுற்றியே எல்லாம் இருந்தால், பொழுது நன்றாகப் போகும், அவ்வளவுதான். முடிந்த பிறகு தொடர்பு உண்டா என்று கேளுங்கள். ‘வாட்ஸ்அப் குழு இருக்கிறது’ என்பது பதில் ஆகாது, அது காலை வணக்கப் படங்களில்தான் போய் முடியும்.

எங்கள் அமைப்பில் பணமே இல்லை. நாங்களே ஏதாவது செய்துகொள்ள முடியுமா?

முடியும். ரெவன்ஸ் முறைக்கு ஓர் அறையும் ஒரு கடிகாரமும் போதும். ஐந்து முதல் ஏழு பேர் சேருங்கள், முடிந்தால் வெவ்வேறு அமைப்பிலிருந்து, ஒருவருக்கொருவர் மேலதிகாரியாக இல்லாதவர்கள். மாதம் ஒருமுறை கூடுங்கள். ஒவ்வொரு முறையும் இருவர் தங்கள் சிக்கலைக் கொண்டுவரட்டும். சிக்கலைச் சொல்லப் பத்து நிமிடம். மற்றவர்கள் கேள்வி கேட்க அரை மணி. அறிவுரை வந்தால் நேரம் பார்ப்பவர் கையைத் தூக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில், சிக்கலைக் கொண்டுவந்தவர் அடுத்த கூட்டத்துக்குள் என்ன செய்யப்போகிறார் என்று தானே எழுதிப் படிக்க வேண்டும். அடுத்த கூட்டம் அந்தத் தாளில்தான் தொடங்கும்: செய்தீர்களா, என்ன ஆயிற்று? செய்யவில்லை என்றால் திட்டக் கூடாது, எது தடுத்தது என்று கேளுங்கள், பல நேரம் நிஜச் சிக்கல் அங்கேதான் வெளிப்படும். அறையில் பேசியது வெளியே போகாது என்ற விதியை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதை மீறியவர் தொடரக் கூடாது, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

சான்றிதழ் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். பதவி உயர்வுக்கோ பணிப்பதிவேட்டுக்கோ அது கணக்கில் வருமா என்பது உங்கள் துறையின் விதியைப் பொறுத்தது. சேருவதற்கு முன்பே நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.